குக்கி: ஒரு கைச்சீட்டின் வரலாறு

கணினியிலோ கைப்பேசியிலோ ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்தால், பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஒரு கேள்வி வந்து நிற்பதை நம் சங்கத்து அன்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். 'இத்தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது, சம்மதமா?' என்பது அக்கேள்வி. வந்த வேலை நடந்தால் போதும் என்று நாமும் சம்மதத்தை அமுக்கிவிட்டு மேலே போய்விடுகிறோம். எதற்குச் சம்மதித்தோம் என்று வீட்டில் பேரப்பிள்ளை கேட்டால் பதில் சொல்ல நம்மில் பெரும்பாலோரால் முடியாது.

நான் கணினிப் படிப்புப் படித்தவனல்லன். அகமதாபாத்தில் துணி மொத்த வியாபாரம் செய்பவன். சிட்டை, பேரேடு, பற்று வரவு, இவைதான் என் படிப்பு. இந்தக் குக்கி எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று சில வருஷங்களாகத் தேடிப் படித்ததில், இது கடைக்காரன் சமாச்சாரம் என்று தெரியவந்தது. வாடிக்கையாளரின் கணக்கை யார் கையில் வைப்பது, அதை யார் யார் படிக்கலாம் என்ற பழைய கேள்விதான் இதற்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது துணிந்து இதை எடுத்துக்கொண்டேன்.

மறதிக்காரக் கடை

முதலில் ஓர் அடிப்படை விஷயம். நாம் பார்க்கும் ஒவ்வோர் இணையப் பக்கமும் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் சர்வர் என்னும் கணினியிலிருந்து வருகிறது. நம் பக்கத்தில் அதைக் கேட்டு வாங்கிக் காட்டுவது உலாவி, அதாவது பிரவுசர். இந்த இரண்டும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். இதை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் வேலை பார்த்தார். பல நாட்டு விஞ்ஞானிகள் வந்துபோகும் இடம். ஆளுக்கொரு வகைக் கணினி. ஒருவர் எழுதி வைத்ததை இன்னொருவர் எடுத்துப் படிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இதற்கு ஒரு வழியாக 1989-ல் அவர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் முதல் சர்வரும் முதல் உலாவியும் ஓடத் தொடங்கிவிட்டன.

அந்த முதல் எச்.டி.டி.பி.யில் உலாவி ஒரே ஒரு வரிதான் அனுப்பும்: இன்ன ஆவணத்தைக் கொடு. சர்வர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். அவ்வளவுதான். கேட்டவர் யார், முன்பு எப்போதாவது வந்தவரா, அடுத்து என்ன கேட்பார், எதுவும் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இதை 'நிலை நினைவற்ற முறை' என்பார்கள்.

இதைக் குறையென்று சொல்லிவிடக் கூடாது. ரயில் நிலையத்து டீக்கடைக்காரர் வண்டி நிற்கும் ஐந்து நிமிஷத்தில் அத்தனை பேருக்கும் டீ கொடுத்து அனுப்புகிறாரே, எப்படி? யார் முகத்தையும் அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காசு வந்தது, டீ போனது, கணக்கு முடிந்தது. அவருக்குப் பதில் மகன் வந்து நின்றாலும் வியாபாரம் தடைபடாது. மறதிக்கார சர்வரும் அப்படியே. நடுவில் நின்றுபோய் மறுபடி ஓடினாலும், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய பாக்கி எதுவும் அதனிடம் இல்லை. ஆவணம் படிக்க மட்டுமே ஆட்கள் வந்தவரை இந்த ஏற்பாடு அருமையாக நடந்தது.

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று எழுத்துமூலம் விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா ஆகியோர் எழுதிய மொசைக் உலாவி வெளிவந்தது. படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் தெரிந்ததால் சாதாரண ஜனங்களும் வர ஆரம்பித்தார்கள். படிக்க வந்தவர்கள் பின்னாலேயே விற்க வந்தவர்களும் வந்தார்கள். சங்கடம் அங்கேதான் தொடங்கிற்று.

ஒரு துணிக்கடையில் வாடிக்கையாளர் ஒரு சேலையை எடுத்து ஒதுக்கி வைக்கச் சொல்கிறார். வேட்டி இருக்கும் பக்கம் போய்விட்டுத் திரும்பி வருகிறார். 'நீங்க யாரு? எந்தச் சேலை?' என்று கடைப்பையன் கேட்டால் அந்தக் கடையில் வியாபாரம் நடக்குமா? 1994-ன் தொடக்கத்தில் இணையத்தில் கடை வைத்தவனுக்கு இதுதான் நிலைமை. ஒவ்வொரு சொடுக்குக்கும் வாடிக்கையாளர் புது ஆள்.

1994: யார் சுமப்பது?

1994 ஏப்ரலில் ஜிம் கிளார்க் என்ற தொழிலதிபரும் முன்சொன்ன ஆண்ட்ரீசனும் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அதன் பெயர் நெட்ஸ்கேப் என்று மாறியது. அங்கே ஆரம்பத்தில் சேர்ந்த பொறியாளர்களில் ஒருவர் லூ மோன்டுலி. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் லின்க்ஸ் என்ற, எழுத்தை மட்டும் காட்டும் உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவர். (அலுவலகத்து மீன்தொட்டிக்கு முன்னால் ஒரு கேமராவை வைத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த மீன்களைப் பார்க்கலாம் என்று அதே ஆண்டில் ஏற்பாடு செய்தவரும் இவர்தான். வேடிக்கையான ஆள்.)

எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம், இணையத்தில் விற்பனை நடத்துவதற்கான வேலையை நெட்ஸ்கேப்பிடம் கொண்டுவந்தது. எம்.சி.ஐ. தரப்பில் தொழில்நுட்பப் பேச்சு நடத்தியவர்களில் வின்ட் செர்ஃப் ஒருவர். இணையத்தின் அடித்தள விதிகளை வகுத்த இருவரில் இவர் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்கள் தரப்பு வைத்த கோரிக்கை இதுதான்: பாதி நடந்து நிற்கும் வியாபாரங்களின் கணக்கை எங்கள் சர்வர்கள் சுமக்கக் கூடாது, அது வாங்குபவரின் கணினியிலேயே இருக்கட்டும். வியாபாரி என்ற முறையில் இந்தக் கோரிக்கை எனக்குப் படித்தவுடனே புரிந்துவிட்டது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்! அத்தனை பேருக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் பேரேடு தாங்குமா?

சரி, வாங்குபவர் கையில் என்ன கொடுத்து அனுப்புவது? வழிகள் பல இருந்தன. கணினியின் இணைய எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணலாமே என்றால், ஓர் அலுவலகத்தில் நூறு பேர் ஒரே எண்ணின் பின்னால் இருப்பார்கள். தொலைபேசி வழியே இணைப்புப் பெறுபவருக்கோ ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். ஆளின் அடையாளத்தைப் பக்கத்தின் முகவரியிலேயே ஒட்டி அனுப்பலாம் என்றால், சன்னலை மூடியதும் அது போய்விடும். அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால் நம் கூடையும் சேர்ந்து அவருக்குப் போய்விடும்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. மிகச் சுலபமான வழி. ஒவ்வோர் உலாவிக்கும் ஒரு நிரந்தர எண்ணைக் கொடுத்துவிடுவது, போகிற இடமெல்லாம் அதை அது தானே சொல்லிக்கொள்வது. இதைத்தான் மோன்டுலி வேண்டாம் என்று ஒதுக்கினார். அப்படி ஓர் எண் இருந்தால், ஒருவர் எந்தெந்தத் தளத்துக்குப் போனார் என்பதைத் தளங்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துவிட முடியும் என்பதே காரணம் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இந்த ஒரு முடிவுக்காக அந்த இளைஞரை நான் மதிக்கிறேன். கையில் பச்சை குத்திய எண்ணோடு கடைத்தெருவில் நடப்பதைப் போன்றது அது. துணிக்கடை, மருந்துக்கடை, அடகுக்கடை மூன்றும் ராத்திரி உட்கார்ந்து குறிப்பேடுகளை ஒப்பிட்டால் நம் வீட்டு நிலைமை முழுதும் வெளியே வந்துவிடாதா?

அவர் தேர்ந்த வழி வேறு. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் ஒரு டோக்கன் தருவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நம் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஓர் எண் மட்டும். அதைக் கொடுத்த ஆளிடம் திருப்பிக் காட்டினால்தான் அதற்கு அர்த்தம். அடுத்த கோயிலில் அது செல்லாது. இதே மாதிரி ஒவ்வொரு தளமும் தனித்தனியாகச் சீட்டு கொடுக்கும், ஒரு தளம் கொடுத்த சீட்டை உலாவி அந்தத் தளத்துக்கு மட்டுமே திருப்பிக் காட்டும். கணினி உலகில் இப்படிப்பட்ட, வைத்திருப்பவருக்கு அர்த்தம் தெரியாத, கொடுத்தவருக்கு மட்டும் அர்த்தமாகும் சிறு தகவலை 'மேஜிக் குக்கி' என்று முன்பே சொல்லி வந்தார்கள். யூனிக்ஸ் வழக்கு அது. கல்லூரிப் பாடத்தில் கேட்ட அந்தப் பெயரைத்தான் மோன்டுலி எடுத்துக்கொண்டார். பிஸ்கட்டுக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை! அவரும் ஜான் ஜியனாண்ட்ரியா என்ற சக பொறியாளரும் சேர்ந்து அந்த ஆண்டே இதற்கான விதிமுறையை எழுதினார்கள். 1994 அக்டோபர் 13-ல் வெளிவந்த அவர்களது உலாவியின் முதல் சோதனைப் பதிப்பிலேயே குக்கி இருந்தது. கூடைக்காகப் பிறந்த குக்கி முதன்முதலில் செய்த வேலை என்னவோ, நெட்ஸ்கேப்பின் சொந்தத் தளத்துக்கு வருபவர் முன்பே வந்தவரா என்று பார்த்ததுதான்.

சீட்டில் என்ன எழுதியிருக்கும்?

குக்கி என்றால் ஏதோ வைரஸ், கணினிக்குள் புகுந்து வேவு பார்க்கும் நிரல் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது வெறும் எழுத்துத் துண்டு. தானாக ஓடாது, எதையும் செய்யாது. சர்வர் பக்கத்தை அனுப்பும்போது தலைப்பில் ஒரு வரி சேர்க்கிறது: இந்தப் பெயரில் இந்த மதிப்பை வைத்துக்கொள். உலாவி அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே சர்வரிடம் ஏதாவது கேட்கும்போது அந்தக் குறிப்பையும் கூடவே அனுப்புகிறது. சீட்டோடு சில நிபந்தனைகளும் வரும். எந்தத் தளத்துக்கு இது செல்லும், தளத்தின் எந்தப் பகுதிக்குச் செல்லும், எந்தத் தேதியோடு காலாவதி, மறைகுறியீடு செய்த இணைப்பில் மட்டும்தான் அனுப்ப வேண்டுமா என்பவை அவை. தேதி போடாவிட்டால் உலாவியை மூடும்போது சீட்டும் அழியும் என்பது ஆதி விதி. ஒரு குக்கி 4 கிலோபைட்டுக்கு மேல் கூடாது, உலாவி ஒரு தளத்துக்கு 20, மொத்தத்தில் 300 வைத்துக்கொண்டால் போதும் என்றும் நெட்ஸ்கேப்பின் ஆரம்ப விதியில் இருந்தது. அப்போது அதுவே தாராளமாகத் தோன்றியிருக்கும்.

இதில் இரண்டு விதமாகக் கணக்கு வைக்கலாம். கூடையில் உள்ள சாமான் பட்டியலையே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவது ஒன்று, எம்.சி.ஐ. விரும்பியது இதைத்தான். சீட்டில் ஓர் எண்ணை மட்டும் எழுதி, பட்டியலைத் தன் பேரேட்டில் வைத்துக்கொள்வது மற்றொன்று. கணினியில் இடம் மலிவாக மலிவாக இரண்டாவது முறையே பெருகிற்று. இன்று வங்கிக் கணக்கிலோ ரயில் டிக்கெட் பதிவிலோ நாம் உள்ளே நுழைந்தபின், பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்காமல் நம்மை அறிந்துகொள்வது இந்த எண்தான். எல்லாம் நிரப்பி முடிக்கும் சமயத்தில் 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி நுழையவும்' என்று வருகிறதே, அதற்கும் இதுதான் காரணம். அந்த எண்ணுக்கு நேரே பேரேட்டில் இருந்த பக்கத்தை அங்கே கிழித்துவிட்டார்கள் என்று பொருள். பாதுகாப்புக்காக அப்படிச் செய்கிறார்கள், சரி. தத்கால் டிக்கெட் எடுக்கும்போது அது எத்தனை பெரிய கொடுமை என்பது ஊருக்குப் போக ஆசைப்படும் நமக்குத்தான் தெரியும்.

இந்த மாற்றத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சீட்டு நம் கையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதில் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதும், அதன் கீழே என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதும் அவர்கள் பேரேட்டில் இருக்கிறது. நாம் புரட்டிப் பார்க்க முடியாத பேரேடு.

கடைக்குள் இன்னொரு கடை

மோன்டுலி அடைத்த கதவு வேறு பக்கமாகத் திறந்துகொண்ட கதை இனி. ஒரு பக்கத்தை உலாவி காட்டும்போது, அதிலுள்ள எல்லாம் ஒரே சர்வரிலிருந்து வர வேண்டியதில்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்து வரும். ஓரத்தில் உள்ள விளம்பரப் படம் விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும். அந்தப் படத்தைக் கேட்டு உலாவி போகும்போது, அந்த விளம்பர சர்வரும் தன் பங்குக்கு ஒரு சீட்டைக் கொடுத்துவிடலாம். விதிப்படி அதில் தப்பே இல்லை. ஒவ்வொரு சர்வருக்கும் அதனதன் சீட்டு, அவ்வளவுதானே? ஆனால் அதே விளம்பர நிறுவனத்தின் படம் ஆயிரம் தளங்களில் இருந்தால்? ஆயிரம் இடத்திலும் ஒரே சீட்டு நீட்டப்படும். எந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு படத்தைக் கேட்கிறோம் என்பதையும் உலாவி வழக்கமாகச் சொல்லிவிடும். முடிந்தது. பச்சை குத்திய எண் வேண்டாம் என்றாரே, அந்த எண்ணே வந்து சேர்ந்துவிட்டது. இதற்கு 'மூன்றாம் நபர் குக்கி' என்று பெயர். நாம் ஒருவர், தளத்துக்காரர் இரண்டாமவர், நாம் கூப்பிடாமலேயே உள்ளே உட்கார்ந்திருப்பவர் மூன்றாமவர்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். அதற்குள் அங்கே பொறியாளர்கள் இதைப் பற்றி விவாதம் தொடங்கிவிட்டார்கள். பொதுமக்களுக்கோ, தங்கள் கணினியில் இப்படி ஒரு சமாச்சாரம் இருப்பதே தெரியாது. 1996 பிப்ரவரி 12-ல் லண்டன் பைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழில் டிம் ஜாக்சன் எழுதிய கட்டுரை வந்த பிறகுதான் வெளி உலகத்தில் பேச்சு எழுந்தது. அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எப்.டி.சி. நடத்திய 1996, 1997 விசாரணைக் கூட்டங்களிலும் குக்கி பேசப்பட்டது.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எப். என்ற அமைப்பு குக்கிக்கும் முறையான விதி எழுத முற்பட்டது. அதை எழுதியவர்கள் இருவர்: பெல் ஆய்வுக்கூடத்து டேவிட் கிரிஸ்டல், நெட்ஸ்கேப்பின் மோன்டுலி. 1997 பிப்ரவரியில் ஆர்.எப்.சி. 2109 என்ற எண்ணோடு அது வெளிவந்தது. மூன்றாம் நபர் குக்கியை உலாவிகள் ஏற்கக் கூடாது, வேண்டும் என்பவர் தாமே இயக்கிக்கொள்ள வசதி இருக்கலாம், ஆனால் இயல்பு நிலையில் அது அணைந்தே இருக்க வேண்டும் என்பது அந்த விதியின் சாரம். இவ்வளவு தெளிவாக, இவ்வளவு சீக்கிரம், சரியான மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நோயாளிதான் குடிக்கவில்லை. அன்றைக்குச் சந்தையைப் பிடித்து வைத்திருந்த இரண்டு உலாவிகளான நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை. அதற்குள் விளம்பரத் தொழில் இந்தக் குக்கியின் மேல் கட்டடம் கட்டிக் குடியேறிவிட்டது; இலவசத் தளங்களுக்கு வருமானம் அங்கிருந்தே வந்தது.

மோன்டுலி ஏன் நெட்ஸ்கேப்பில் அதை அணைக்கவில்லை? அவர் சொன்ன காரணத்தைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். குக்கியை அடைத்தால் விளம்பரக்காரர்கள் ஆளைத் தொடர வேறு மறைமுகமான வழியைக் கண்டுபிடிப்பார்கள். குக்கியாவது கண்ணுக்குத் தெரியும், வேண்டாம் என்றால் அழிக்கலாம் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. திரையின் அளவு, எழுத்துரு, இன்னும் பல சின்ன அடையாளங்களைச் சேர்த்து, சீட்டே இல்லாமல் கணினியை இனங்காணும் கைரேகை முறை பின்னாளில் வரத்தான் செய்தது. இருந்தாலும் எனக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது. அழிக்கும் பொத்தான் இருக்கிறது என்பது, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் உதவும். கடையில் நான் பார்த்தவரை, ஜனங்கள் வைத்த இடத்தில் இருப்பதைத்தான் எடுப்பார்கள். மேல் அடுக்கில் இருப்பதைக் கேட்டு வாங்குபவர்கள் ரொம்பக் குறைவு. இயல்பு நிலையை எப்படி வைக்கிறோம் என்பதுதான் இதில் எல்லாமே.

இந்தச் சீட்டு எண்ணோடு மனிதனின் பெயரையும் முகவரியையும் சேர்த்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு முயற்சி நடந்தது. டபுள்கிளிக் என்ற பெரிய இணைய விளம்பர நிறுவனம் 1999-ல் அபேகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. தபால் வழி விற்பனையில் யார் என்ன வாங்கினார்கள் என்ற விவரம், பெயர் முகவரியோடு அபேகஸிடம் இருந்தது. இரண்டு பேரேடுகளையும் இணைக்கும் யோசனை வெளியே தெரிந்ததும் அமெரிக்காவில் பெரும் எதிர்ப்பு, எப்.டி.சி. விசாரணை. 2000 மார்ச்சில் அந்த யோசனையை நிறுத்திவைத்தார்கள். 2007-ல் டபுள்கிளிக்கையே 310 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது. 2008 மார்ச்சில் அது முடிந்தது. இப்படியாக உலகின் பெரிய தேடுபொறியும் பெரிய விளம்பரச் சீட்டும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் கூகுள் தன் உலாவியான குரோமையும் வெளியிட்டது.

சீட்டைத் திருடினால்

வேறொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். செருப்பு டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு கிடைக்கும் அல்லவா? குக்கியும் அப்படியே. நம் சீட்டு எண்ணை இன்னொருவன் தெரிந்துகொண்டால், கடவுச்சொல் தெரியாமலேயே நம் பெயரில் உள்ளே போய்விடலாம். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற சிறு நிரலை வெளியிட்டு இதை உலகத்துக்கே காட்டினார். காபிக் கடைகளில் இருக்கும் திறந்த வைஃபையில், பக்கத்து மேஜைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரு சொடுக்கில் நுழைய முடிந்தது. கடவுச்சொல்லை மட்டும் மறைகுறியீட்டில் வாங்கிவிட்டு அதன்பிறகு வந்த குக்கியைத் திறந்த கடிதமாக அனுப்பியதே பல தளங்களின் வழக்கம். மறைகுறியீடு செய்த இணைப்பில் மட்டும் அனுப்பு என்ற நிபந்தனை 1994 விதியிலேயே இருந்தது! பயன்படுத்தத்தான் ஆளில்லை. ஃபயர்ஷீப்புக்குப் பிறகு பெரிய தளங்கள் எல்லாப் பக்கங்களையும் மறைகுறியீட்டுக்கு மாற்றுவதை விரைவுபடுத்தின.

அரசாங்கங்களும் இதை விட்டுவைக்கவில்லை. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ., கூகுளின் ஒரு குக்கியைக் கொண்டு தான் தேடும் ஆட்களை இணையத்தில் அடையாளம் கண்டது என்று ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களை வைத்து 2013 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. தொலைவில் இருக்கும் ஒருவன் நம் கணினியை இனங்காண, அந்தக் கணினியே தன் எண்ணைச் சொல்லிக்கொண்டு போகிறது என்றால் வேறென்ன வேண்டும்?

சம்மதம் என்ற பொத்தான்

ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் கொண்டுவந்த சட்டம், குக்கி வைத்தால் அதைச் சொல்ல வேண்டும், மறுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றது. 2009-ல் அதைத் திருத்தி, முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். 2018 மே 25 முதல் அமலான ஜி.டி.பி.ஆர். சட்டம் சம்மதம் என்றால் என்ன என்பதையும் இறுக்கியது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதமாகாது என்று 2019 அக்டோபர் 1-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கேள்வி நம் திரைக்கு வந்த கதை இதுதான். ஐரோப்பியருக்காகச் செய்ததைப் பல தளங்கள் உலகம் முழுக்கக் காட்டுகின்றன.

கூடையை நினைவில் வைக்கும் குக்கிக்கும், உள்ளே நுழைந்தவரை அறியும் குக்கிக்கும் இந்தச் சம்மதம் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. நாம் கேட்ட சேவைக்கு அவசியமானவை அவை. சம்மதம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்றாம் நபருக்காகத்தான். சம்மதிக்க ஒரு பொத்தானும் மறுக்க ஐந்தாறு படிகளும் வைப்பதும் ஒரு வியாபாரத் தந்திரம். ஏற்பதைப் போல மறுப்பதைச் சுலபமாக வைக்கவில்லை என்று பிரான்சு நாட்டின் கண்காணிப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. தேவைக்கு மேல் சேர்க்காதே என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாத்திரம் பண்டத்துக்குச் சொல்வார்கள். ஐரோப்பியச் சட்டம் அதைத் தகவலுக்குச் சொல்கிறது.

உலாவி செய்பவர்களில் ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி ஆரம்பம் முதலே மூன்றாம் நபர் குக்கிக்குக் கெடுபிடி காட்டியது. அந்தக் கெடுபிடியை மீறியதற்காக 2012-ல் கூகுள் 2 கோடியே 25 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. 2020 மார்ச்சில் சஃபாரி அதை முழுதாகவே அடைத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2022-ல், மூன்றாம் நபரின் சீட்டைத் தளத்துக்குத் தளம் தனித்தனி டப்பாவில் போட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் செய்தது. குரோம்? தன் உலாவியில் இதை இரண்டு ஆண்டில் நிறுத்திவிடுவதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. தவணை தள்ளிக்கொண்டே போயிற்று. 2024 ஜனவரியில் நூற்றுக்கு ஒருவருக்கு நிறுத்திப் பார்த்தார்கள். 2024 ஜூலையில், நிறுத்தவில்லை, முடிவைப் பயனாளரிடமே விடுகிறோம் என்றார்கள். 2025 ஏப்ரலில், அதற்கென்று தனியாகக் கேள்வி கேட்கும் திட்டமும் இல்லை என்றார்கள். உலாவியும் விளம்பரச் சீட்டும் ஒரே வீட்டில் இருந்தால் இப்படித்தான் இழுபறியாகும். இதில் விளம்பரப் போட்டியாளர்களின் புகார்களும், பிரிட்டனின் வணிகப் போட்டி ஆணையத்தின் விசாரணையும் சேர்ந்துகொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்ட கேள்வியும் லேசானதல்ல: குக்கியை எடுத்துவிட்டால், சொந்தமாகப் பெரிய பேரேடு வைத்திருக்கும் கூகுளுக்கு நஷ்டமில்லை, சின்னவர்கள் என்ன செய்வார்கள்?

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து அமலாகும்படி தவணை கொடுத்திருக்கிறார்கள். குக்கி என்று பெயர் சொல்லி அது பேசவில்லை. ஆனால் ஓர் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காண முடிந்தால் அதுவும் தனிநபர் தகவல்தான் என்ற கணக்கில் இதுவும் அதற்குள் வரும். சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே எழுதியது போல இன்னொரு பிரிவும் அதில் உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்கும் வசதியைத் தளத்துக்காரர் தர வேண்டும். அகமதாபாத்தில் உட்கார்ந்துகொண்டு, 'இதைத் தமிழில் காட்டு, படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று நாமும் கேட்கலாம்.